சிம்சன் பாலைவனத்தைக் கடப்பது எப்படி? மேற்கிலிருந்து கிழக்கே ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே, தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வடக்கு ஆட்சிப்பகுதி ஆகிய மூன்றும் சந்திக்கும் முனையைச் சுற்றி, சிம்சன் பாலைவனம் ஏறத்தாழ 1,76,500 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. அதன் தென்பாதியில் இருந்த பாதுகாப்புப் பூங்காவையும் வட்டாரக் காப்பகத்தையும் இணைத்து, தெற்கு ஆஸ்திரேலிய அரசு 2021-இல் முங்கா-திரி சிம்சன் பாலைவனத் தேசியப் பூங்காவை அறிவித்தது. சுமார் 36 லட்சம் ஹெக்டேர், அதாவது கேரள மாநிலத்தைவிடச் சற்றே சிறிய பரப்பு. நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான். இதன் மேற்கு ஓரத்தில் விட்ஜிரா தேசியப் பூங்காவும், கிழக்கே எல்லைக்கு அப்பால் குயின்ஸ்லாந்து அரசின் முங்கா-திரி தேசியப் பூங்காவும் உள்ளன. இந்தப் பகுதியில் தார்ச்சாலை, கடை, பெட்ரோல் பங்க் எதுவும் இல்லை; கைப்பேசிக்கு சிக்னலும் கிடைக்காது. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கித்தான் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும்.

இதை வீரதீரப் பயணமாக வர்ணிப்பவர்கள் அதிகம். என் பார்வையில் இது முதலும் முடிவுமாக ஓர் எடைக் கணக்கு. தண்ணீரும் டீசலும் இல்லாமல் போக முடியாது. ஆனால் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் வண்டியை மணலில் கூடுதலாக அழுத்துகிறது, கூடுதல் டீசலைக் குடிக்கிறது, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் உடைக்கக் காத்திருக்கிறது. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு முடித்தவருக்குப் பாலைவனத்தில் பெரிய சோதனை எதுவும் வருவதில்லை.

முதற்படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

கோடைக்காலத்தில் பூங்கா மூடப்பட்டிருக்கும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இரு மாநிலங்களின் பகுதிகளிலும் நுழைய அனுமதி இல்லை. இது வெறும் சம்பிரதாயத் தடை அல்ல. பாலைவனத்தின் மேற்கே உள்ள ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. அந்த வெயிலில் பழுதாகி நின்ற வண்டிக்கு உதவி வந்து சேர்வதற்குள் கைவசம் உள்ள தண்ணீர் தீர்ந்துவிடும்.

மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலமே உகந்தது. பகலில் இதமான வெயில் இருக்கும். இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்குவதும் உண்டு. பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு வருபவர்கள் முதல் இரவிலேயே தூக்கத்தைத் தொலைப்பார்கள். மே மாதத்தில் கூட்டம் குறைவு, ஆனால் ஈக்கள் அதிகம். முகத்தை மூடும் வலை இல்லாமல் சாப்பிட உட்கார முடியாது. ஜூலையில் பள்ளி விடுமுறைக் கூட்டம் வரும். செப்டம்பரில் குதிரைப் பந்தயத்தையொட்டி, பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில் உள்ள பேர்ட்ஸ்வில் என்னும் சிற்றூர் நிரம்பி வழியும். ஒரே தடத்தில் வண்டிகள் பெருகப் பெருக மணல் குழிந்து கெடுகிறது என்பதால், நான் மே மாத இறுதியையே பரிந்துரைப்பேன்.

இரண்டாம் படி: அனுமதியும் வண்டியும்

தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்குப் ‘பாலைவனப் பூங்காச் சீட்டு’ எனப்படும் அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். குயின்ஸ்லாந்துப் பக்கத்தில் ஓர் இரவு தங்கினாலும் அந்த மாநிலத்தின் முகாம் அனுமதி தனியாகத் தேவை. நாய்களுக்கு அனுமதி இல்லை. பூங்கா எச்சரிக்கைப் பக்கத்தைப் புறப்படும் வாரத்தில் மட்டுமல்லாமல், கடைசியாக இணையம் கிடைக்கும் இடத்திலும் பாருங்கள். மழை பெய்தால் தடங்களை மூடிவிடுவார்கள். மூடிய தடத்தில் ஓட்டினால் அபராதம் உண்டு.

வண்டி என்று இங்கே சொல்வது லோ ரேஞ்ச் கியர் உள்ள, தரையிலிருந்து நல்ல உயரமுள்ள, முழுமையான ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மட்டுமே. நகரத்து எஸ்யூவிக்கு இங்கே வேலை இல்லை. வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் சிம்சன் பாலைவனத்தைப் பெயர் சொல்லியே விலக்குகின்றன. அப்படிப்பட்ட வண்டியோடு உள்ளே போனால் காப்பீடு முழுவதும் செல்லாமல் போய்விடும். பாலைவனத்தின் நடுவிலிருந்து ஒரு வண்டியை இழுத்து வர பல ஆயிரம் டாலர் ஆகும் என்பதை நினைவில் வைத்தால், எழுத்துப்பூர்வமான அனுமதியைக் கேட்டு வாங்கும் சிரமம் பெரிதாகத் தோன்றாது. சொந்த வண்டியின் காப்பீட்டையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வேண்டாம். அது மணல்மேட்டில் நங்கூரமாக இருந்து உங்களைச் சிக்க வைப்பதோடு, தடத்தையும் தோண்டிப் போட்டுவிடும். தனி வண்டியாகப் போவதும் உசிதமல்ல. இரண்டு வண்டிகள் என்பதே சரியான அளவு. நான்குக்கு மேல் போனால் ஒவ்வொரு மேட்டிலும் காத்திருப்பதிலேயே பகல் கழிந்துவிடும்.

மூன்றாம் படி: எடைக் கணக்கு

மேற்கு விளிம்பில் உள்ள மவுன்ட் டேரிலிருந்து கிழக்கு விளிம்பில் உள்ள பேர்ட்ஸ்வில் வரை, பிரெஞ்சு லைன் என்னும் தடம் வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இடையில் ஒரு சொட்டு எரிபொருளும் கிடைக்காது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி, மணலில் 20 முதல் 25 லிட்டர் வரை குடிக்கும். எனவே அடிப்படைத் தேவை 125 லிட்டர். வெள்ளத்தைச் சுற்றிப் போகவும், சிக்கிய இடத்தில் மீண்டும் மீண்டும் முயலவும் சேர்த்து 160 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும். பெட்ரோல் வண்டிக்கு இதைவிட அதிகமாகவே தேவைப்படும்.

தண்ணீருக்கு நான் வைக்கும் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லிட்டர். ஐந்து நாள் பயணத்துக்கு மேல் இரண்டு நாள் கையிருப்பு சேர்த்தால் இருவருக்கு ஏறத்தாழ 100 லிட்டர் வரும். இதை ஒரே தொட்டியில் நிரப்பக் கூடாது. தொட்டியில் ஓட்டை விழுந்தால் எல்லாம் போய்விடும். 10 லிட்டர், 20 லிட்டர் கேன்களாகப் பிரித்து இரு வண்டிகளிலும் வைக்க வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். டீசல் 160 லிட்டர் ஏறத்தாழ 135 கிலோ, தண்ணீர் 100 கிலோ, இரண்டு பேர் 150 கிலோ. இரண்டாவது ஸ்டெப்னி, ஜாக், கம்ப்ரஸர், கருவிகள், மண்வெட்டி, மீட்பு உபகரணங்கள் சேர்ந்து 100 கிலோவைத் தொடும். குளிர்பெட்டி, கூடாரம், படுக்கை, உணவு, அடுப்பு எல்லாம் இன்னொரு 120 கிலோ. முன்பக்க இரும்புத் தடுப்பு, மேற்கூரைத் தாங்கி, கூடுதல் பேட்டரி ஆகியவை பொருத்தியிருந்தால் அவற்றின் எடையும் இதே கணக்கில் சேரும். பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். வண்டியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள சுமை வரம்பை இந்த மொத்தம் தாண்டினால், கழிக்க வேண்டியது டீசலையோ தண்ணீரையோ அல்ல. மடக்கு நாற்காலிகள், விறகு அடுப்பு, இரும்புச் சட்டி, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்த அத்தனையும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கனமான பொருளை மேற்கூரையில் ஏற்றவே கூடாது. சரிவில் வண்டி சாயும்போது அந்த எடைதான் அதைக் கவிழ்த்துவிடும். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடைமேடையில் ஒரு முறை வண்டியை நிறுத்திப் பார்ப்பதைவிட உருப்படியான தயாரிப்பு வேறில்லை.

நான்காம் படி: கொடி, வானொலி, அபாய அறிவிப்பான்

மணல்மேட்டின் உச்சியில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வண்டியும் தரையிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் உயரத்தில் பளிச்சென்ற நிறக் கொடி கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கொடிக்கம்பு வண்டியின் முன்பக்கம் இருந்தால்தான் உங்களுக்கு முன்பாக அது உச்சியைத் தாண்டித் தெரியும். பின்பக்கம் கட்டியவரின் கொடி தெரியும்போது வண்டியே தெரிந்துவிடும்.

யுஎச்எஃப் வானொலியில் சேனல் 10-ஐ வைத்திருங்கள். இந்தப் பாலைவனத்தில் எல்லோரும் கேட்பது அதைத்தான். சில மேடுகளுக்கு ஒரு முறை, எத்தனை வண்டிகள், எந்தத் தடம், எந்தத் திசை என்று அறிவித்துக்கொண்டே போக வேண்டும். வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியும், கடைசிக் கட்டத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்பானும் தேவை. அறிவிப்பானை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம் உங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. பதிவில் பயண விவரமும் இருந்தால் தேடுபவர்களின் வேலை பாதியாகக் குறையும். கைப்பேசி வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள், காகித வரைபடம் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: மவுன்ட் டேரும் டால்ஹவுசியும்

திசை பற்றி ஒரு சொல். மேடுகளின் மேற்குச் சரிவு நீண்டு தாழ்வாகவும், கிழக்குச் சரிவு செங்குத்தாகவும் இருக்கும். மேற்கிலிருந்து போனால் சாய்வானதில் ஏறிச் செங்குத்தானதில் இறங்குவீர்கள். எதிர்த்திசையில் வருபவர்களுக்கு ஒவ்வொரு மேடும் சண்டைதான். அதோடு மேற்கில் மேடுகள் சிறியவை, நெருக்கமானவை. கிழக்கே போகப் போக உயர்ந்து விலகிச் செல்லும். வண்டியின் டீசலும் தண்ணீரும் குறைந்து எடை இறங்கிய பிறகு பெரிய மேடுகள் வருவது நம் கணக்குக்குப் பெரிய சலுகை.

அடிலெய்டிலிருந்து வருபவர்கள் மாரி ஊர் வழியாக ஊட்னடாட்டா தடத்தைப் பிடித்து, 1980-இல் கைவிடப்பட்ட பழைய கான் ரயில் பாதையை ஒட்டி வருவார்கள். பிரித்தானிய இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள்தான் ஒரு காலத்தில் இந்த வறண்ட பிரதேசம் முழுவதற்கும் சரக்கு ஏற்றி இறக்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த ஒட்டகங்களின் வழித்தோன்றல்களை மணல்மேடுகளுக்கிடையே இன்றும் பார்க்கலாம்.

மவுன்ட் டேர் விடுதியில் எரிபொருளை விளிம்புவரை நிரப்பி, தடத்தின் இன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து டால்ஹவுசி ஊற்றுகளுக்கு 70 கிலோமீட்டர். கூர்மையான கற்கள் பரவிய தரை என்பதால் இந்த வழியில்தான் டயர்கள் அதிகம் கிழிகின்றன, அவசரப்பட வேண்டாம். டால்ஹவுசியில் 120-க்கும் மேற்பட்ட ஊற்றுகள் உள்ளன. நிலத்தடிப் பெரும் ஆர்டீசியன் படுகையின் நீர் இங்கே அழுத்தத்தால் தானாக மேலே வருகிறது. முதன்மைக் குளத்தில் நீர் உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் இருக்கும். அதிகாலையில் பனியுறையும் குளிரில் ஆவி பறக்கும் நீருக்குள் இறங்கி அசையாமல் நின்றால், சிறு மீன்கள் வந்து கால்விரல்களைக் கொத்தும். உலகில் வேறெங்கும் இல்லாத மீனினங்கள் இந்த ஊற்றுகளில் வாழ்கின்றன. ஆகவே சோப்பு, ஷாம்பு மட்டுமல்ல, சன்ஸ்கிரீன் பூசிய உடலோடும் இறங்கக் கூடாது. முகாமுக்குக் கழிப்பறை வசதி உண்டு. அடுத்து வரும் நாட்களை எண்ணி அதை மதியுங்கள்.

ஆறாம் படி: மணலில் ஓட்டும் முறை

டால்ஹவுசிக்குக் கிழக்கே மணல் தொடங்கியதும் வண்டியை நிறுத்தி டயர் காற்றை இறக்க வேண்டும். இந்த முழுப் பயணத்திலும் இதைவிட முக்கியமான ஒரு செயல் கிடையாது. 18 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். வால்வைத் திறந்து அளவியைப் பார்த்துக்கொண்டிருந்தால், டயரின் பக்கச்சுவர் மெல்லப் பிதுங்குவதும், தரையில் படியும் பகுதி முன்னும் பின்னுமாக நீள்வதும் கண்ணுக்கே தெரியும். அந்த நீளம்தான் எடையைப் பரப்பி வண்டியை மணலின் மேல் மிதக்க வைக்கிறது. மேட்டில் ஏறத் திணறினால் 16, பிறகு 14 என்று இறக்கலாம். அந்த அளவில் வேகமும் கூர்மையான திருப்பமும் கூடாது. டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும்.

மேடேறுவதற்குச் சீரான உந்துவிசை போதும், வேகம் வேண்டாம். மேட்டின் அடியிலேயே சரியான கியரைத் தேர்ந்து, ஏறும்போது மாற்றாமல், ஆக்சிலரேட்டரைச் சீராக அழுத்திப் போக வேண்டும். உச்சியை நெருங்கும்போது பானெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. அங்கே காலைத் தளர்த்தி மெதுவாகத் தாண்டுங்கள். மறுபக்கம் தடம் இடதா வலதா என்பது தாண்டிய பிறகுதான் தெரியும். ஏற முடியாமல் நின்றுவிட்டால் சக்கரத்தைச் சுழல விடாதீர்கள். உடனே நிறுத்தி, வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்கி, இன்னும் 2 பிஎஸ்ஐ இறக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். சரிவில் வண்டியைக் குறுக்காகத் திருப்புவது மட்டும் கூடவே கூடாது, அப்படித்தான் வண்டிகள் கவிழ்கின்றன. மேட்டடிவாரத்தில் காணப்படும் வரிசையான குழிகள், காற்றை இறக்கச் சோம்பல்பட்டு வேகத்தால் ஏற முயன்றவர்கள் விட்டுப்போனவை. பின்னால் வருபவர்களின் ஷாக் அப்சார்பர் அதற்கு விலை கொடுக்கிறது.

இன்னொன்றை ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்ய வேண்டும்: குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள். ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முட்புல்லின் விதைகளும் சருகுகளும் புகைக்குழாயைச் சுற்றி அடைந்து, அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டிகளுக்கும், புகைவடிகட்டி உள்ள புதிய டீசல் வண்டிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். வளைந்த கம்பி ஒன்றால் அவற்றை இழுத்து வெளியே போடலாம். ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய வலை கட்டியிருந்தால் அங்கே விதை புகாது. தீயணைப்பான் சாமான்களுக்கு அடியில் இல்லாமல் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: தடமும் தங்கும் இடங்களும்

பர்னி போர் என்பது 1963-இல் எண்ணெய் தேடித் துளைத்த கிணறு. எண்ணெய்க்குப் பதில் வெந்நீர் வந்தது. அந்த நீரால் உருவான நாணல் குட்டையில் இன்று பறவைகள் கூடுகின்றன. பிரெஞ்சு லைனும் அதே காலத்தில் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனம் ஒன்று நேர்கோடாக வெட்டிய ஆய்வுப் பாதைதான். ரிக் ரோடு என்னும் தெற்குத் தடம், துரப்பண எந்திரங்களைக் கொண்டுபோகக் களிமண் பரப்பி அமைத்தது. அது எளிதானது, ஆனால் சுற்று அதிகம். முதல் முறை போகிறவர்களுக்கு பிரெஞ்சு லைனே போதும். மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் என்ற சராசரி வேகத்தை ஒப்புக்கொண்டு, நாளுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

மாலை நான்கு மணிக்கெல்லாம் இரு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், காற்றுக்கு மறைவாகத் தடத்தை ஒட்டிக் கூடாரம் போட்டுவிடுவது நல்லது. சூரியன் எதிரே தாழ்ந்திருக்கும்போது எதிர்த்திசையில் வருபவர்களுக்கு உங்கள் கொடி தெரியாது. பூங்காவில் விறகு பொறுக்கக் கூடாது. உலர்ந்த கிட்ஜி மரக்கட்டைகள் சிறு விலங்குகளின் வீடு. வாயு அடுப்பு போதும், சோறும் பருப்பும் வைக்க விறகு தேவையில்லை. கழிவுக்குழியை ஆழமாகத் தோண்டி மூடுங்கள். குப்பை அத்தனையும் உங்களோடு பேர்ட்ஸ்வில் வர வேண்டும்.

நீர் சுமக்காமல் இங்கே வாழ்ந்தவர்கள் வங்கங்குரு மக்கள். மேடுகளுக்கிடையே அவர்கள் தோண்டிக் காத்த ஆழமான, குறுகிய கிணறுகளே அவர்களை வாழவைத்தன. 1886-இல் டேவிட் லிண்ட்சே என்னும் ஆய்வாளர் இந்தக் கிணறுகளில் ஒன்பதைச் சென்று கண்டதும் ஒரு வங்கங்குரு வழிகாட்டியின் துணையோடுதான். 1936-இல் ஒட்டகங்களோடு பாலைவனத்தைக் கடந்த டெட் கோல்சனுடன் பீட்டர் அய்ன்ஸ் என்ற பழங்குடி மனிதரும் நடந்தார். இங்கே கண்ணில் படும் கல்லாயுதங்களைத் தொடாமல் விட்டுச் செல்லுங்கள். இது இன்றும் உரிமையாளர்கள் உள்ள நிலம்.

மூன்று எல்லைகளும் சந்திக்கும் பொப்பல் முனையில் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். 1880-இல் நில அளவையாளர் அகஸ்டஸ் பொப்பல் எல்லைக்கம்பத்தை முதலில் நட்டது இந்த இடத்தில் அல்ல. அவருடைய அளவுச்சங்கிலி சுமார் ஓர் அங்குலம் நீண்டுபோயிருந்ததால், கம்பம் சில நூறு மீட்டர் மேற்கே உப்பு ஏரிக்குள் நடப்பட்டுவிட்டது. பின்னர் அதைச் சரியான இடத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து உப்பு ஏரியை ஒட்டிச் சற்று வடக்கே சென்று க்யூஏஏ லைன் என்னும் தடத்தைப் பிடிக்க வேண்டும். ஏரியில் போடப்பட்ட தடத்தை விட்டு ஒரு சக்கரம்கூட வெளியே போகக் கூடாது. மேலே உலர்ந்திருக்கும் உப்புப் பொருக்கின் அடியில் ஆழமான சேறு இருக்கும்.

எட்டாம் படி: ஐர் கிரீக், பிக் ரெட், பேர்ட்ஸ்வில்

ஐர் கிரீக் என்னும் ஓடை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே பெய்த மழை, வாரங்கள் கழித்து, மேகமே இல்லாத நாளில் இங்கே வெள்ளமாக வந்து நிற்கும். அப்போது சுற்றுப்பாதை உண்டு. அதற்கான டீசல் முன்பு போட்ட கணக்கிலேயே இருக்கிறது. வெள்ளத்தின் ஆழம் தெரியாமல் வண்டியை இறக்க வேண்டாம்.

கடைசிப் பெருமேடு, பேர்ட்ஸ்வில்லுக்கு 35 கிலோமீட்டர் முன்னால் வரும் பிக் ரெட். ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். அதைத் தவிர்த்துச் செல்லவும் வழி உண்டு, அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வழியில் எங்கேனும் வண்டி நின்றே போனால், அதை விட்டு நடக்காதீர்கள். வானிலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும், தனி மனிதர் தெரியமாட்டார். நிழலும் தண்ணீரும் இருப்பதும் வண்டியில்தான். உயிராபத்து என்றால் அறிவிப்பானை இயக்குங்கள். மருத்துவ உதவிக்கு ராயல் பறக்கும் மருத்துவர் சேவை உண்டு. ஆனால் விமானம் இறங்கத் தகுந்த இடத்துக்கு நோயாளியைக் கொண்டுசெல்லவே நேரம் பிடிக்கலாம்.

பேர்ட்ஸ்வில்லுக்கு வந்ததும் 1884-இலிருந்து நிற்கும் விடுதிக்குள் நுழையும் முன் டயர்களில் காற்றை ஏற்றிவிடுங்கள். வண்டியின் அடியில் மிச்சமிருக்கும் புல்விதைகளை நீக்கி, ஸ்பிரிங்குகளிலும் கூரைத்தாங்கியின் பற்றவைப்புகளிலும் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த டயரை இங்கேயே மாற்றிக்கொள்வது நல்லது. மாரிக்குத் திரும்பும் பேர்ட்ஸ்வில் தடம் 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கல்தடம். ஸ்டெப்னி இல்லாமல் அதில் இறங்கக் கூடாது.